கண்ட ரஜ்ஜு என்றதும் திருமணத்தை நிறுத்திவிட வேண்டுமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எடுத்துச் சொல்லிவிடுகிறேன். தங்கையின் நட்சத்திரம் திருவாதிரை, மிதுன ராசி. பேசிவரும் மாப்பிள்ளையின் நட்சத்திரம் ரோகிணி, ரிஷப ராசி. இரு வீட்டாருக்கும் பிடித்து, பெண்ணும் பையனும் நேரில் பேசிச் சம்மதமும் சொன்ன பிறகு, உங்கள் குடும்ப ஜோதிடர் "கண்ட ரஜ்ஜு தட்டுகிறது, பெண்ணின் ஆயுளுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார். ரஜ்ஜு என்பது திருமணத்துக்குப் பார்க்கும் பத்துப் பொருத்தங்களில் ஒன்று; தட்டுகிறது என்றால் அது பொருந்தவில்லை என்று பொருள். இன்னொரு ஜோதிடர் "ஒன்று ஏறுமுகம், ஒன்று இறங்குமுகம், தோஷமில்லை, தாராளமாகச் செய்யலாம்" என்கிறார். கைப்பேசிச் செயலி 36க்கு 24ஐ ஒட்டி மதிப்பெண் காட்டுகிறது. இவர்களில் யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அந்தச் சொல்லைக் கேட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது, இந்தக் கல்யாணம் நடந்தால் தங்கையின் உயிருக்கு ஏதாவது ஆகிவிடுமா என்பதுதான். ஆகாது. நட்சத்திரப் பொருத்தத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண்ணின் ஆயுளைப் பற்றிப் பேச எந்த ஜோதிடருக்கும் ஆதாரம் கிடையாது. ஜோதிடத்தைத் தந்தையிடம் கற்று, பல ஆண்டுகளாக அதையே தொழிலாகச் செய்துவருபவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதி. பொருத்தம் பார்ப்பதில் கணக்கு என்ற அளவில் யாரும் வாதிட முடியாத ஒரு பாகம் உண்டு. பெரியவர்கள் விரல் கணுக்களிலேயே எண்ணிச் சொல்லிவிடுவார்கள். பெண்ணின் திருவாதிரையை ஒன்றாக வைத்து எண்ணினால் ரோகிணி 26ஆவது நட்சத்திரம். 26ஐ ஒன்பதால் வகுத்தால் மீதி 8. தினப் பொருத்தம் உண்டு. இரண்டும் மனுஷ கணம். கணப் பொருத்தம் உண்டு. எண்ணிக்கை 13ஐத் தாண்டிவிட்டதால் ஸ்திரீ தீர்க்கம் உண்டு. திருவாதிரைக்கு யோனி நாய், ரோகிணிக்குப் பாம்பு. இவை பகை மிருகங்கள் அல்ல, ஆகவே யோனிப் பொருத்தத்தையும் ஏற்றுக்கொள்ளலாம். மிதுனத்துக்கு ரிஷபம் பன்னிரண்டாவது ராசி. பெண் ராசியிலிருந்து ஆண் ராசி ஏழுக்கு மேல் வருவதைத் தமிழ் வழக்கில் நல்லதாகவே கொள்வார்கள். ராசி அதிபதிகளான புதனும் சுக்கிரனும் நண்பர்கள். வேதை என்பது ஒன்றுக்கொன்று ஆகாத நட்சத்திரம்; திருவாதிரைக்கு வேதை திருவோணம், ரோகிணிக்கு வேதை சுவாதி. ஆகவே இவர்களுக்குள் வேதை இல்லை. மகேந்திரம், வசியம் என்ற இரு பொருத்தங்களும் இல்லை. இப்படிப் பத்தில் ஏழு நிற்கிறது. ரஜ்ஜு மட்டும் தட்டுகிறது. இதுவரை உங்கள் இரு ஜோதிடர்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இருக்க வழியில்லை.

வேறுபாடு ரஜ்ஜுவில் தொடங்குகிறது. 27 நட்சத்திரங்களையும் ஒன்பது ஒன்பதாக மூன்று சுற்றாக்கி, ஒவ்வொரு சுற்றிலும் பாதம், தொடை, உதரம் (வயிறு), கண்டம் (கழுத்து), சிரசு (தலை) என்று ஏறி, மறுபடி கண்டம், உதரம், தொடை, பாதம் என்று இறங்கும்படி அமைத்திருக்கிறார்கள். அசுவினி பாதம், பரணி தொடை, கார்த்திகை உதரம், ரோகிணி கண்டம், மிருகசீரிடம் சிரசு. பிறகு திருவாதிரை மறுபடி கண்டம். ஆக, கண்ட ரஜ்ஜுவில் ரோகிணி, அஸ்தம், திருவோணம் ஆகிய மூன்றும் ஏறுமுகம். திருவாதிரை, சுவாதி, சதயம் ஆகிய மூன்றும் இறங்குமுகம். ஆணும் பெண்ணும் ஒரே அங்கத்தில் விழுந்தால் ரஜ்ஜுப் பொருத்தம் இல்லை என்பது பொது விதி. ஒரே அங்கமானாலும் ஒருவர் ஏறுமுகத்திலும் மற்றவர் இறங்குமுகத்திலும் இருந்தால் தோஷம் இல்லை என்பது ஒரு சாராரின் கொள்கை. உங்கள் தங்கையும் அந்தப் பிள்ளையும் மிகச் சரியாக இந்தப் பிளவின்மேல் நிற்கிறார்கள். இரண்டு ஜோதிடர்களுமே தாம் கற்ற வழியை மாற்றாமல் சொல்லியிருக்கிறார்கள். யாரும் உங்களை ஏமாற்றவில்லை. தமிழகத்தில் கடுமையான பக்கத்தைப் பின்பற்றுபவர்களே அதிகம் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆனால் எந்தப் பக்கம் சரி என்று தீர்த்துவைக்கும் ஒரு தலைமை நூல் இல்லை. ஜாதக சாஸ்திரத்தின் ஆதார நூல்களில் ஒன்றான வராகமிகிரரின் பிருகத் ஜாதகத்தில் பெண்களின் ஜாதகத்துக்கென்று தனி அத்தியாயமே இருக்கிறது; இப்படிப் பத்தாகப் பிரித்து நட்சத்திரம் பொருத்தும் முறை அதில் இல்லை. இந்த முறை பெரும்பாலும் நல்ல நேரம் குறிக்கும் முகூர்த்த நூல்களின் வழியாகப் பிற்காலத்தில் வளர்ந்தது. 1649இல் கேரளத்தில் எழுதப்பட்ட பிரச்ன மார்க்கம் போன்ற நூல்களுக்கு வரும்போதுதான் விரிந்த பட்டியல்களைப் பார்க்கிறோம். பிரதேசத்துக்குப் பிரதேசம் பட்டியல் மாறுவதற்கும் இதுவே காரணம்.

செயலி காட்டிய 36க்கு 24 என்பது வடநாட்டு முறை. அங்கே வர்ணத்துக்கு 1, வசியத்துக்கு 2, தாரைக்கு 3, யோனிக்கு 4, கிரக மைத்திரிக்கு 5, கணத்துக்கு 6, ராசிக்கு 7, நாடிக்கு 8 என்று எட்டுக் கூறுகளுக்கு மதிப்பெண் தருகிறார்கள். 18ஐத் தாண்டினால் செய்யலாம் என்பது வழக்கம். அந்த எட்டில் ரஜ்ஜு என்று ஒரு தலைப்பே கிடையாது. உங்கள் அம்மாவின் தூக்கத்தைக் கெடுத்த தோஷத்தை வைத்து ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்லும் வழக்கம் அந்த முறையைப் பின்பற்றும் ஊர்களில் இல்லை. மாறாக, நம் கணக்கில் நன்றாகப் பொருந்திய ராசி அங்கே இரண்டு-பன்னிரண்டு என்ற தோஷமாகி ஏழுக்குச் சுழி வாங்குகிறது. அங்கே எட்டு மதிப்பெண் பெறும் நாடியோ நம் பத்தில் இல்லை; சிலர் அதைப் பதினொன்றாவதாகச் சேர்த்துக்கொள்வதுண்டு. ஒரே தம்பதிக்கு, ஒரே சந்திரனை வைத்து, ஒரு முறை மரண பயம் காட்டும் இடத்தில் இன்னொரு முறை ஒன்றுமே காணவில்லை என்றால், அந்த இடத்தில் உறுதியாகப் பேசும் உரிமை இரண்டுக்குமே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி, ஆயுள் பற்றிய அந்தச் சொல். ஒரே ரஜ்ஜு கூடினால் சிரசில் கணவனுக்கும், கண்டத்தில் மனைவிக்கும் ஆகாது. உதரத்தில் பிள்ளைகளுக்குக் கெடுதி. தொடையில் பொருள் நாசம். பாதத்தில் அலைச்சல் என்று பாடம் இருக்கிறது. இதை நானும் மனப்பாடமாகக் கற்றவன்தான். ஆனால் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க ஏறத்தாழ ஒரு நாள் எடுத்துக்கொள்கிறது. ஆகவே 27 நட்சத்திரங்களிலும் ஏறக்குறைய சம அளவில் மக்கள் பிறக்கிறார்கள். ஒரு பெண்ணையும் ஓர் ஆணையும் சேர்த்தால் 27ஐ 27ஆல் பெருக்கி 729 வகை இணைகள் வரும். அவற்றில் சிரசில் 9, மற்ற நான்கு அங்கங்களிலும் 36 வீதம், ஆக 153 இணைகள் ஒரே ரஜ்ஜுவில் விழுகின்றன. நூற்றுக்கு 21. கண்ட ரஜ்ஜு மட்டும் 36. அதாவது ஏறக்குறைய இருபதில் ஒரு தம்பதி. நட்சத்திரமே பார்க்காமல் மணம் செய்துகொள்ளும் கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களையும், காதலித்துப் பதிவுத் திருமணம் செய்தவர்களையும், முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்பதால் ஜாதகத்தைத் திறக்காமலே முடித்துவைத்த வீடுகளையும் நினைத்துப் பாருங்கள். அங்கெல்லாம் இருபது வீட்டுக்கு ஒரு வீடு கண்ட ரஜ்ஜுதான். அந்த வீடுகளிலெல்லாம் மனைவிமார் இளவயதில் மறைந்துகொண்டிருந்தால் எந்த ஆராய்ச்சியும் இல்லாமலே ஊருக்குத் தெரிந்திருக்கும். உங்கள் உறவிலேயே நட்சத்திரம் தெரிந்த, நாற்பது ஐம்பது வருடம் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகளின் பட்டியலை எடுத்து ரஜ்ஜு பாருங்கள். அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள்.

"என் அனுபவத்தில் பார்த்திருக்கிறேன், ரஜ்ஜு இல்லாமல் செய்தது விளங்கவில்லை" என்று மூத்த ஜோதிடர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் ஜோதிடரின் அனுபவம் எப்படிச் சேர்கிறது என்பதை யோசிக்க வேண்டும். நன்றாக வாழும் தம்பதி எங்களிடம் திரும்பி வருவது அபூர்வம்; வந்தாலும் குழந்தைக்கு ஜாதகம் எழுத வருவார்கள், தங்கள் பொருத்தத்தைப் பற்றிப் பேசமாட்டார்கள். சண்டையும் நோயும் வழக்கும் வந்த வீட்டார்தாம் மஞ்சள் தடவிய பழைய நோட்டோடு வந்து உட்காருகிறார்கள். அப்போது ரஜ்ஜு இல்லை என்று தெரிந்தால் அது மனத்தில் ஆழமாகப் பதிந்துவிடுகிறது. பத்தும் பொருந்தியிருந்தால், வேறு ஏதோ கிரகக் கோளாறு என்று கடந்துவிடுகிறோம். பொருத்தம் இல்லை என்று நாங்கள் தட்டிக்கழித்த கல்யாணங்கள் நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நாங்கள் பார்க்கவே முடியாது. ஆகவே இந்த விஷயத்தில் என்னுடையது உட்பட எந்த ஜோதிடரின் அனுபவத்தையும் நீங்கள் சாட்சியாகக் கொள்ள வேண்டாம். வெளிநாட்டில் ஒரு பெரிய சோதனை நடந்ததுண்டு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த டேவிட் வோவாஸ் என்பவர் 2001ஆம் ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸ் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து சுமார் ஒரு கோடித் தம்பதிகளின் பிறந்த நாள்களை ஒப்பிட்டு, எந்த ராசிச் சேர்க்கையும் மற்றதைவிட அதிகம் நிலைப்பதாகத் தெரியவில்லை என்று 2007இல் கூறினார். அது மேல்நாட்டுச் சூரிய ராசி; நம் சந்திர நட்சத்திரத்தை அவர் சோதிக்கவில்லை. எனவே அதை நமக்கு எதிரான தீர்ப்பாக நான் காட்டமாட்டேன். ஆனால் நமக்குச் சாதகமாகக் காட்டவும் அப்படி ஒரு கணக்கு நம் கையில் இல்லை.

இன்னொரு அடிப்படையான சங்கதியை உங்கள் வீட்டில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. தங்கைக்குத் திருவாதிரை என்று எழுதியது யார், எந்தப் பஞ்சாங்கப்படி? பழைய வாய்பாட்டு முறையான வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் இன்றைய வானியல் கணக்கான திருக்கணிதத்துக்கும் நட்சத்திரம் முடியும் நேரத்தில் சில நாள்களில் மணிக்கணக்கில் வித்தியாசம் வரும். திருவாதிரை முடியும் தறுவாயில் பிறந்திருந்தால், ஒன்றில் திருவாதிரையாகவும் மற்றதில் புனர்பூசமாகவும் இருக்கலாம். புனர்பூசமானால் உதர ரஜ்ஜு. அந்தப் பிள்ளையின் ரோகிணியோடு தட்டவே தட்டாது. தொடக்கத்தில் பிறந்திருந்தால் மிருகசீரிடமாகி சிரசுக்குப் போய்விடும், அப்போதும் தட்டாது. மாப்பிள்ளைக்கும் இதே கேள்வி உண்டு. ஆகவே இருவருக்கும் மருத்துவமனைச் சீட்டில் உள்ள நேரத்தை வாங்கி, ஒரே பஞ்சாங்க முறையில் ஜாதகம் கணித்துப் பார்க்க வேண்டும். ஒருவருக்கு வாக்கியம், மற்றவருக்குத் திருக்கணிதம் என்று கலந்து பொருத்தம் பார்ப்பது இன்று மிகச் சாதாரணமாக நடக்கிறது. பெண் வீட்டார் ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு நட்சத்திரப் பெயரை மட்டும் எழுதிக்கொண்டு வருவார்கள், பஞ்சாங்கத்தின் பின்பக்க அட்டவணையில் விரலை ஓட்டிவிட்டு உத்தமம், அதமம் என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். வருபவர்கள் அதற்கு மேல் கேட்பதும் இல்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கை அந்த ஐந்து நிமிடத்தில் முடிவாவது எனக்கு எப்போதும் வேதனை தரும் காட்சி.

முறையாகக் கற்ற ஜோதிடர் நட்சத்திரத்தோடு நிற்கமாட்டார். இரு ஜாதகங்களிலும் குடும்பத்துக்கு இரண்டாம் இடம், களத்திரத்துக்கு ஏழாம் இடம், மாங்கல்யத்துக்கு எட்டாம் இடம், புத்திரருக்கு ஐந்தாம் இடம், சுக்கிரன் நிற்கும் நிலை, ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் பார்க்கும் நவாம்சம், நடக்கும் தசை, வரப்போகும் தசை இவற்றையெல்லாம் பார்ப்பார். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் தசை மாறினால் தசா சந்தி என்று யோசிப்பார். ஆயுளைப் பற்றிப் பேச வேண்டுமானால் அந்தப் பெண்ணின் சொந்த ஜாதகத்திலிருந்துதான் பேச வேண்டும் என்பதே சாஸ்திரத்துக்குள் நின்று பார்த்தாலும் முறை. அவள் யாரை மணக்கிறாள் என்பதால் அவள் ஆயுள் குறையும் என்பது ஜாதக நூல்களின் போக்குக்கே ஒவ்வாதது. இதிலும் எல்லை உண்டு. லக்னம் சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறும். நவாம்ச லக்னம் பதின்மூன்று, பதினான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மாறிவிடும். பிறந்த நேரத்தை ஒரு கால் மணி முன்பின்னாகக் குறித்திருந்தால் நவாம்சத்தை வைத்துச் சொல்லும் பலன் வேறொருவருடையதாகிவிடும்.

செவ்வாய் தோஷம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அடுத்த வீட்டார் யாராவது கிளப்புவார்கள் என்பதால் சொல்லிவைக்கிறேன். 2, 4, 7, 8, 12 ஆகிய இடங்களில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது தமிழ் வழக்கு. பன்னிரண்டில் ஐந்து இடம். லக்னத்தோடு சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் பார்த்தால், விலக்குகளைச் சேர்க்காதவரை ஏறத்தாழ பத்துப் பேரில் எட்டுப் பேருக்குத் தோஷம் வந்துவிடும். அதனால்தான் ஆட்சி, உச்சம், கடக சிம்ம லக்னம், குரு பார்வை என்று நீண்ட விலக்குப் பட்டியல் உருவாயிற்று. மூல நட்சத்திரத்தில் பிறந்த பெண் மாமனாருக்கு ஆகாது என்ற பேச்சும் இத்தகையதே. முகூர்த்த சிந்தாமணி என்ற நூல், மூலத்தில் பிறந்த ஆண், பெண் இருவரையும் சேர்த்தே சொல்லி, மூலத்தின் நான்காம் பாதத்துக்கு அந்தக் குற்றம் இல்லை என்று விலக்கும் தருகிறது. நம் ஊரில் ஆணை அரசாள விட்டுவிட்டுப் பெண்ணை மட்டும் நிர்மூலம் என்று ஒதுக்கிவைத்தார்கள். அப்படி ஒதுக்கப்பட்டுக் கல்யாணமே ஆகாமல் நின்றுபோன பெண்களை நான் அறிவேன். அந்தப் பாவத்தில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு.

நாடிப் பொருத்தம் ரத்த வகையைப் பற்றியது, ரஜ்ஜு மரபணுவைப் பற்றியது என்று இப்போது விஞ்ஞான விளக்கம் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. ஒரே மணி நேரத்தில் ஒரே ஊரில் பிறந்த இரண்டு குழந்தைகளுக்கு நாடியும் ரஜ்ஜுவும் ஒன்றாகவே இருக்கும். ரத்த வகை அவரவர் பெற்றோரிடமிருந்து வருவது, வேறாக இருக்கலாம். பிள்ளைகளின் நலன் பற்றிக் கவலை இருந்தால் அதற்கு வழி ரத்தப் பரிசோதனைதான். குறிப்பாக அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று நெருங்கிய உறவில் செய்யும்போது மருத்துவரைப் பார்ப்பது அவசியம். அங்கேதான் நாம் எந்தப் பொருத்தமும் பார்க்காமல் முடித்துவிடுகிறோம்.

பொருத்தம் என்ற எண்ணம் தமிழனுக்கு ஜோதிடம் வழியாக மட்டும் வந்ததில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் வேண்டிய ஒப்புகளாகப் பத்தைச் சொல்கிறது: பிறப்பு, குடிமை, ஆண்மை, ஆண்டு, உருவு, நிறுத்த காமவாயில், நிறை, அருள், உணர்வு, திரு. அதுவும் பத்துதான், ஒன்றுகூட நட்சத்திரம் இல்லை. அகநானூற்றுப் பாடல்களில் திருமணத்துக்கு நாள் பார்த்திருக்கிறார்கள், சந்திரன் ரோகிணியைக் கூடும் நல்ல நாளில் மணம் நடக்கிறது. மணமக்களின் நட்சத்திரங்களைப் பொருத்திப் பார்த்ததாக அங்கே இல்லை. வைதிக மரபிலும் ஆபஸ்தம்பரின் கிருஹ்ய சூத்திரம், மனமும் கண்ணும் யாரிடம் பதிகின்றனவோ அவளை மணப்பதில்தான் வளம், வேறெதையும் பொருட்படுத்த வேண்டாம் என்பது சிலர் கொள்கை என்று எழுதிவைத்திருக்கிறது. குடிமையும் ஆண்டும் பற்றிய பழைய எண்ணங்கள் எல்லாமே இன்றைக்குப் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. அருளும் உணர்வும் ஒத்திருக்கிறதா என்பதை உங்கள் தங்கைதான் சொல்ல முடியும். அவள் சொல்லிவிட்டாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. இரண்டு பேருக்கும் பிறந்த நேரத்தைச் சரிபார்த்து ஒரே முறையில் ஜாதகம் எழுதுங்கள். நட்சத்திரம் மாறவில்லை என்றால், ஏறுமுகம் இறங்குமுகம் விலக்கை ஏற்கும் மரபு இருக்கிறது என்பதை அம்மாவிடம் சொல்லுங்கள். அதை ஏற்காத மரபும் இருக்கிறது என்பதை மறைக்க வேண்டாம், பின்னால் வேறொருவர் வாயிலாகக் கேட்டால் இன்னும் கலங்குவார். மாப்பிள்ளையின் வேலை, கடன், குடிப்பழக்கம், வீட்டில் பெண்களை நடத்தும் விதம் இவற்றை நேரில் போய் விசாரியுங்கள். நட்சத்திரத்துக்குச் செலவழித்த நேரத்தில் பாதியையாவது இதற்குச் செலவிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் அம்மாவுக்கு மனம் ஆறவில்லை என்றால் குலதெய்வம் கோயிலுக்குக் குடும்பத்தோடு போய் ஒரு பூச்சாத்தி வாருங்கள், அது போதும். ரஜ்ஜு தோஷத்துக்குப் பரிகாரம் என்று ஆயிரக்கணக்கில் யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இன்னொன்று, இந்தப் பேச்சை அந்தப் பிள்ளையின் வீட்டாரிடம் நீங்களே முன்கூட்டி எடுத்துச் சொல்லிவிடுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு தங்கைக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தால்கூட "அன்றைக்கே ஜோதிடர் சொன்னாரே" என்று யாராவது தொடங்கலாம். எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் சம்மதித்துச் செய்த திருமணம் இது என்றிருந்தால் அந்த வார்த்தை அவள் காதில் விழ இடமிருக்காது.